ஒரே கிருமி, இருவேறு கதி

காய்ச்சலும் இருமலும் பரவும் பருவத்தில், ஒரே வீட்டில் ஒருவர் இரண்டு நாளில் எழுந்து நடமாட, இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை செல்வது ஏன் என்று கேட்டால், "அவருக்கு எதிர்ப்பு சக்தி குறைவு" என்ற பதில் நம்மிடம் தயாராக இருக்கிறது. சத்துப் பொடிகளும் டானிக்குகளும் விற்பனையாவது இந்தப் பதிலை நம்பித்தான். ழான்-லோரான் கசனோவாவின் ஆய்வுகளைப் படித்த பிறகு, கூடிக் குறையும் ஒற்றைச் சக்தியாக எதிர்ப்பு சக்தியைப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பாரிஸில் குழந்தை மருத்துவராக இருந்து, பின்னர் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற கசனோவா, கிருமியைக் காட்டிலும் அது தாக்கிய மனிதரின் மரபணுக்களையே துருவி ஆராய்பவர். 2011 ஜனவரியில், அதுவரை ஆரோக்கியமாக இருந்த இரண்டரை வயதுப் பெண் குழந்தை ஒன்று இன்ஃப்ளூயன்சாவால் மூச்சுத் திணறி, சாவின் விளிம்புவரை சென்று, செயற்கைச் சுவாசத்தின் உதவியால் பிழைத்தது. அக்குழந்தையிடம் ஐஆர்எஃப்7 என்ற மரபணுவின் இரு பிரதிகளுமே பழுதுபட்டிருந்ததை அவருடைய குழு 2015-இல் வெளியிட்டது. தந்தை வழியில் ஒரு பிழையும், தாய் வழியில் வேறொரு பிழையும் வந்து சேர்ந்திருந்தன. வைரஸ் நுழைந்ததும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைப் பெருமளவில் சுரக்கச் செய்வது இந்த மரபணுவின் வேலை. 1957-இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மனும் கண்டறிந்த இப்புரதம், அண்டையிலுள்ள செல்களை எச்சரித்து, வைரஸ் தம்முள் பெருக முடியாதபடி அவை தயாராக வழிசெய்கிறது. குழந்தையின் செல்களைக் கொண்டு ஆய்வகத்தில் உருவாக்கிய நுரையீரல் செல்களில், வைரஸ் வழக்கத்தைவிட அதிகமாகப் பெருகியது. எந்தப் பொடியைக் கரைத்துக் குடித்தாலும் சரியாகக்கூடிய குறை அல்ல இது.

கோவிட் வந்தபோது அதே இன்டர்ஃபெரான் மீண்டும் முன்னுக்கு வந்தது. 2020-இல் கசனோவாவின் குழு, உயிருக்குப் போராடிய 987 கோவிட் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்ததில், 101 பேரிடம் சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்பொருட்கள் (ஆன்டிபாடிகள்) இருந்தன. அறிகுறியே இல்லாமலோ லேசான பாதிப்போடோ தப்பிய 663 பேரில் ஒருவரிடமும் அவை இல்லை. அதாவது, நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பொருளே இங்கே வைரஸுக்கு வழிவிட்டிருக்கிறது. எதிர்ப்பு சக்தியைக் 'கூட்ட' வேண்டும் என்று ஓயாமல் சொல்பவர்கள், இதில் எதைக் கூட்டச் சொல்வார்கள்? அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள் என்பதையும், ஏறத்தாழ பாதிப் பேர் 65 வயதைக் கடந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கோவிட் ஆண்களையும் முதியவர்களையும் கடுமையாகத் தாக்கியதற்கு ஒரு பகுதி விளக்கமாவது கிடைக்கிறது.

இதிலிருந்து குழு ஒரு நடைமுறை எச்சரிக்கையையும் விடுத்தது: குணமடைந்தவரின் பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியை, இன்னொரு நோயாளிக்குச் செலுத்துவதானால், இந்த எதிர்ப்பொருட்களும் அதனுடன் சென்றுவிடாதபடி கொடையாளியின் ரத்தத்தை முன்கூட்டியே சோதிக்க வேண்டும்.