0.23-க்கும் 1-க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கதை

பிஎச்.டி. இரண்டாம் வருட வைவாவில் என் தலைப்பு, உலோகப் பல்லடுக்குப் படலங்களில் காந்த அடுக்குகளுக்கு இடையிலான பிணைப்பு. வரலாறு மனப்பாடம். 1986-இல் ஜெர்மனியின் யூலிஷில் குருன்பெர்க் குழு, நடுவில் மெல்லிய குரோமியம் வைத்தால் இருபுற இரும்புப் படலங்களும் எதிரெதிராகத் திரும்பி நிற்பதைக் கண்டது. 1988-இல் ஃபெர்ட் குழு 4.2 கெல்வினில், காந்தப்புலம் கொடுத்ததும் மின்தடை ஏறக்குறைய பாதியாவதை அளந்தது. 1990-இல் பார்க்கின், இடை அடுக்கின் தடிமனைக் கூட்டிக்கொண்டே போனால் பிணைப்பு இணையாகவும் எதிராகவும் மாறி மாறி வருவதைக் காட்டினார். 2007-இல் ஃபெர்ட்டுக்கும் குருன்பெர்க்குக்கும் நோபல். வருடம் பிசகாமல் ஒப்பித்தேன்.

"இடை அடுக்கு செம்பு என்றால், பிணைப்பு மாறி மாறி வரும் அந்த அலைவு நீளம் எவ்வளவு வரும், போடுங்க" என்றார் தேர்வாளர். எலக்ட்ரான்கள் உலோகத்துக்குள் தடையில்லாமல் திரிவதாக வைத்துக்கொள்ளும் கட்டற்ற எலக்ட்ரான் கணக்கில் 0.23 நானோமீட்டர். "சோதனையில?" சுமார் 1. "ஏன் நாலு மடங்கு?" சாக்பீஸ் கையிலேயே நின்றுவிட்டது.

அன்றிரவு கிராஃப் தாளில் 0.23 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒரு கொசைன் வரைந்தேன். செம்பின் தடிமன் நம் இஷ்டத்துக்கு ஏறாது, அணு அடுக்கு அடுக்காகத்தான் ஏறும். (001) திசையில், அதாவது படிகக் கனசதுரத்தின் முகத்துக்குச் செங்குத்தாக, ஓர் அடுக்கு 0.18. ஆகவே 0.18, 0.36, 0.54 என்ற இடங்களில் மட்டும் புள்ளி வைத்துச் சேர்த்தால், வேகமான அலை மறைந்து சோம்பேறி அலை ஒன்று வருகிறது. டியூப் லைட்டில் ஃபேன் மெதுவாகச் சுற்றுவதுபோல் தெரியுமே, அதேதான். 0.18, 0.23 இரண்டின் தலைகீழையும் கழித்து, மறுபடி தலைகீழாக்குங்கள்: 0.83. ஒன்றுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். மிச்ச வித்தியாசத்துக்குக் காரணம், செம்பின் ஃபெர்மி பரப்பு (எலக்ட்ரான்கள் நிரம்பிய நிலைகளுக்கு உந்த வெளியில் உள்ள எல்லை) சரியான கோளம் இல்லை என்பது. புருனோவும் ஷாப்பரும் 1991-இல் அதன் உப்பிய வயிற்றுப் பகுதிக்கு 5.9 அடுக்கு, ஒடுங்கிய கழுத்துப் பகுதிக்கு 2.6 அடுக்கு அலைவு நீளம் என்று கணக்கிட்டார்கள். 5.9 அடுக்கு என்றால் 1.06 நானோமீட்டர். இதைப் படிப்பவர்கள் ஒருமுறையாவது கையால் வரைந்து பாருங்கள். பாடநூல் படம் இதைப் புரியவைக்காது.

காந்தமாக்க லூப்பை, அதாவது புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தமாக்கம் மாறும் வரைபடத்தை, கையில் கொடுத்தும் கேட்பார்கள். சமமான இரண்டு காந்த அடுக்கு என்றால், பிணைப்பு வலிமையை இரண்டால் பெருக்கி, காந்தமாக்கத்தாலும் ஓர் அடுக்கின் தடிமனாலும் வகுத்தால் தெவிட்டுப் புலம், அதாவது எல்லா அடுக்கையும் ஒரே திசைக்குத் திருப்பிவிடும் புலம். 2 நானோமீட்டர் கோபால்ட், சதுர மீட்டருக்கு 1 மில்லிஜூல் பிணைப்பு என்றால் 0.7 டெஸ்லா. நிறைய அடுக்குகள் என்றால் இதுவே இருமடங்கு. நடு அடுக்குக்கு இரண்டு பக்கமும் அண்டை வீட்டுக்காரர் உண்டு. இந்த இருமடங்கை மறந்துதான் என் முதல் அறிக்கையில் பிணைப்பை இருமடங்காக எழுதினேன், சீனியர் அக்கா பிடித்தார். புலம் சுழியாகும்போது காந்தமாக்கமும் சுழியாகாமல் 0.7 பங்கு மிச்சம் நின்றால், இரண்டு அடுக்கும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும் 90 பாகைப் பிணைப்பைச் சந்தேகப்படுங்கள். வேறு எந்தப் பங்கு நின்றாலும் முதலில் இடை அடுக்கில் ஊசித்துளை (காந்த அடுக்குகள் நேரடியாகத் தொட்டுக்கொள்ளும் நுண்துளை) இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வழக்கம்.

மூன்று மாதம் கழித்து மறு வைவா. செம்பைப் பற்றிப் பேச்சே இல்லை. "குரோமியத்தில் இரண்டு அடுக்குக்கு ஒருமுறை மாறும் அலைவு உண்டே, ஸ்பட்டரிங் படலத்தில் ஏன் தெரிவதில்லை?" என்றார் தேர்வாளர். அயனிகளால் மோதி அணுக்களைத் தெறிக்கவிட்டுப் படியவைக்கும் முறைதான் ஸ்பட்டரிங். கரடுமுரடான இடைமுகத்தில் தடிமன் இங்கே ஓர் அடுக்கு கூட, அங்கே ஓர் அடுக்கு குறைய இருக்கும், பிளஸ்ஸும் மைனஸும் அடித்துக்கொண்டுவிடும், 1.8 நானோமீட்டர் நீள அலைவு மட்டும் தப்பும் என்றேன். "சரி, அடுத்தது" என்று தாளைத் திருப்பினார்.