வட்டக் கதவுகளுக்குப் பின்னால்

நியூசிலாந்தின் வடக்குத் தீவில், வைக்காட்டோ வட்டாரத்துப் புல்வெளிகளுக்கு நடுவே மாட்டமாட்டா என்ற சிற்றூர் இருக்கிறது. சுற்றிலும் பால்பண்ணைகளும் பந்தயக் குதிரை வளர்க்கும் பண்ணைகளும் நிறைந்திருப்பதால், தீவனம் வாங்கவும் வங்கி வேலைக்கும் பண்ணைக்காரர்கள் வந்துபோகும் கடைத்தெருவாகத்தான் அது நெடுங்காலம் இருந்தது. இன்று அந்தக் கடைத்தெருவில் இருக்கும் சுற்றுலாத் தகவல் மையமே கதைப்புத்தகத்திலிருந்து பெயர்த்தெடுத்த வீடு போலக் கட்டப்பட்டிருக்கிறது. 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்', 'தி ஹாபிட்' ஆகிய திரைப்பட வரிசைகளுக்காக உருவாக்கப்பட்ட ஹாபிட்டன் என்ற கற்பனைக் கிராமம், அதாவது குன்றுக்குள் வீடு அமைத்து வாழும் ஹாபிட் என்ற குள்ள மனிதர்களின் ஊர், மாட்டமாட்டாவுக்கு வெளியே உள்ள ஓர் ஆட்டுப்பண்ணையில் இருப்பதுதான் இதற்குக் காரணம்.

ஆக்லாந்தில் வசிக்கும் தம்பி குடும்பத்தோடு காரில் சென்றேன். ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். வழியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பச்சை, அதற்கப்பால் மேலும் பச்சை. பண்ணையின் எதிரே உள்ள சிற்றுண்டிச்சாலையோடு நம் வண்டிக்கு வேலை முடிந்துவிடும். அங்கிருந்து அவர்களுடைய பேருந்தில்தான் உள்ளே போக முடியும், அதுவும் வழிகாட்டியோடுதான். நுழைவுச்சீட்டின் விலை கொஞ்சம் நெஞ்சை அடைக்கும். முன்பதிவு செய்யாமல் போவதும் நல்லதல்ல.

அலெக்சாண்டர் குடும்பத்துக்குச் சொந்தமான அந்தப் பண்ணை 1,250 ஏக்கர் பரப்புள்ளது. 1998இல் இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழுவினர் வானிலிருந்து இடம் தேடியபோது இந்தக் குன்றுகளும், ஏரியும், அதன் கரையில் நின்ற பெரிய பைன் மரமும் கண்ணில் பட்டன. மின்கம்பமோ சாலையோ பக்கத்து வீடோ தெரியாத நிலம் என்பதால் அதையே தேர்ந்தெடுத்தார்கள். 1999 மார்ச்சில் நியூசிலாந்து இராணுவம் கனரக இயந்திரங்களைக் கொண்டுவந்து பாதை போட, அந்த ஆண்டின் இறுதியில் படப்பிடிப்பு தொடங்கியது. ஒட்டுப்பலகையும் தெர்மாகோலும் கொண்டு எழுப்பிய அந்த முதல் கிராமம் வேலை முடிந்ததும் இடிக்கப்பட வேண்டியது. இடிக்கும் வேலை மழையால் பாதியில் நின்றது. எஞ்சி நின்ற வெற்று முகப்புகளைப் பார்க்கவே ஆட்கள் வரத் தொடங்கியதால், 2002 முதல் முறையான சுற்றுலா நடந்தது. 'ஹாபிட்' படங்களுக்காக மறுபடி கட்டியபோதுதான் நிலைத்து நிற்கும் பொருள்களைக் கொண்டு கட்டினார்கள். மழை சற்றுத் தாமதித்திருந்தால் இன்றைக்கு அங்கே ஆடு மட்டும்தான் மேய்ந்துகொண்டிருக்கும்.

குன்றுச் சரிவைக் குடைந்தாற்போல நாற்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன. மஞ்சளும் நீலமும் பச்சையுமாக வட்டக் கதவுகள்; அவற்றின் நடுவே பித்தளைக் குமிழ். ஒரே அளவில் இரண்டு கதவுகளைக் கண்டுபிடிப்பது கடினம். நடிகர் குள்ளமாகத் தெரிய வேண்டிய காட்சிக்குப் பெரிய கதவும், நெட்டையாகத் தெரிய வேண்டிய காட்சிக்கு இடுப்பளவுக் கதவும் செய்திருக்கிறார்கள். திறக்க அனுமதித்த ஒரு கதவுக்குப் பின்னால் ஓராள் நிற்கும் அளவுக்கு மண்சுவரும் மரச்சட்டமும்தான் இருந்தன. "அத்தை, வீட்டை எங்கே காணோம்?" என்று தம்பி மகள் கேட்டாள். நியாயமான கேள்விதான்; உள்ளறைக் காட்சிகளை எல்லாம் ஸ்டூடியோவில் எடுத்துவிட்டார்கள். இந்தக் கேள்வியை நிறையப் பேர் கேட்டிருக்க வேண்டும். 2023 டிசம்பரிலிருந்து வீட்டின் உட்புறத்தையும் முழுமையாக அமைத்துத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அடுப்படி, சரக்கறை, படுக்கை எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கலாம். எனக்கென்னவோ வெளியே நின்றதுதான் பிடித்திருந்தது.

ஏனென்றால் வெளியே தோட்டம் இருக்கிறது. கோஸும் கீரையும் பூசணியும் உண்மையாகவே விளைந்து நிற்கின்றன. ஒரு வாசலில் தேன் ஜாடிகள் வரிசையாக இருந்தன. இன்னொன்றில் மீன் காய்ந்துகொண்டிருந்தது. அடுத்ததில் பிளந்த விறகு, வெட்டுக்கட்டையில் கோடரி சொருகியபடி இருந்தது. குடியிருப்பவர் என்ன தொழில் செய்கிறார் என்பதை அவரைக் காட்டாமலேயே சொல்லிவிடுகிறார்கள். கொடியில் கையகலச் சட்டைகள் ஆடின. அந்தக் கொடிக்கும் கதவுக்கும் நடுவே புல் தேய்ந்து ஒற்றையடிப்பாதை விழ வேண்டும் என்பதற்காக, படப்பிடிப்புக்கு முன்பு ஒருவரை அனுப்பித் துணியை உலர்த்தவும் எடுக்கவும் வைத்தார்களாம். வழிகாட்டி இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார், ஆனால் எனக்கு அந்த ஆளின் வேலைமீது பெரிய மரியாதை வந்துவிட்டது.

உச்சியில் உள்ள வீட்டின் மேல் நிற்கும் ஓக் மரம் முழுக்கச் செயற்கை. முதல் படத்துக்கு அருகிலிருந்த உண்மையான ஓக் ஒன்றை வெட்டித் துண்டுகளாகக் கொண்டுவந்து பொருத்தி, தைவானில் செய்த இலைகளைக் கம்பியால் கட்டினார்கள். இப்போது இருப்பது எஃகும் சிலிக்கோனும். கீழே கூட்டத்தோடு நின்று பார்த்தபோது எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஹாபிட்டன் இங்கிலாந்து நாட்டுப்புறம் போலத் தோன்ற வேண்டும்; அலெக்சாண்டர் பண்ணையின் ஆடுகளோ இங்கிலாந்து ஆடுகளைப் போல இல்லை என்று கருமுகச் சஃபோக் ஆடுகளைப் படத்துக்கென்று தருவித்த கதையும் அங்கே சொல்லப்படுகிறது.

இந்தக் கதைதான் எனக்குள் வேறொன்றைக் கிளறியது. அந்த நிலத்தில் முன்பே இருந்த ஆடும் இங்கிலாந்திலிருந்து வந்ததுதான்; புல்லும் அப்படியே. ஏரிக்கரைப் பைன் கலிபோர்னியாவின் மரம். திரைக்குழு வந்து இந்த நிலத்தை இங்கிலாந்தாக்கியதாகச் சொல்கிறோம். உண்மையில் குடியேறிகள் நூறாண்டுகளுக்கு முன்பே அந்த வேலையை ஏறக்குறைய முடித்துவிட்டார்கள். படக்குழு கடைசிப் பூச்சை மட்டும் பூசியது.

சுற்றுலாவின் முடிவில் 'பச்சை டிராகன்' மதுக்கடையில் மண்குவளையில் ஒரு பானம் தருகிறார்கள். செலவு சீட்டிலேயே அடக்கம். நான் இஞ்சி பீர் வாங்கினேன். காரம் நன்றாக இருந்தது, கணப்பின் அருகே இடம்தான் கிடைக்கவில்லை.

திரும்பும் வழியில் மாட்டமாட்டாவின் ஃபர்த் கோபுரத்துக்குத் தம்பியை வற்புறுத்தி அழைத்துப்போனேன். 1860களில் ஜொசையா கிளிஃப்டன் ஃபர்த் என்ற ஆக்லாந்து வணிகர், நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளில் நாட்டி ஹவுவா குலத்தாரிடமிருந்து இங்கே மிகப் பெரிய நிலப்பரப்பைக் குத்தகைக்குப் பெற்றார். அம்மக்களின் தலைவர் விரெமு தமிஹானா, 1858இல் முதல் மாவோரி அரசர் அமர்த்தப்படக் காரணமாயிருந்தவர். சதுப்பும் புதரும் மேய்ச்சல் நிலமாகவும் வயலாகவும் மாறியது ஃபர்த்தின் காலத்தில்தான். 1882இல் அவர் கட்டிய கான்கிரீட் கோபுரத்தைச் சுற்றி இன்று அருங்காட்சியகம் இருக்கிறது. வட்டாரத்தின் பழைய பள்ளிக்கூடம், தேவாலயம், தபால் நிலையம் ஆகியவற்றைப் பெயர்த்துக்கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். நாங்கள் போன வேளையில் எங்களைத் தவிர அங்கே வேறு ஆளில்லை. தம்பி மகள் பள்ளிக்கூடத்து மர பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். போகிறவர்களிடம் கோபுரத்தை முதலில் பார்க்கச் சொல்வேன். அந்தப் பச்சைக் குன்றுகள் எப்படி வந்தன என்று தெரிந்துகொண்டு போனால், வட்டக் கதவுகளைப் பார்ப்பதில் சுவாரசியம் கூடுமே தவிர குறையாது.