சொடக்கு, நகம், சிலிண்டர்: சில கிறுக்குப் பழக்கங்கள்

விரலில் சொடக்கு எடுப்பேன். யோசனையில் இருந்தால் நகம் வாய்க்குப் போகும். வெளியே கிளம்பினால் சிலிண்டரை மூடினோமா என்ற சந்தேகம் படியிறங்கும்போது வரும். இந்த மூன்றில் ஒன்றாவது பலருக்கும் இருக்கும் என்பதால் இதில் சொந்தக் கதை சொல்ல ஒன்றுமில்லை. எதை அப்படியே விட்டுவிடலாம், எதை எப்படி நிறுத்தலாம், எது டாக்டர் வரை போக வேண்டிய சங்கதி என்பதை மட்டும் எழுதுகிறேன். நகம் கடிக்கும் கை நம்மைக் கேட்டுக்கொண்டு வாய்க்குப் போவதில்லை. அதனால் "கடிக்காதே" என்று காதில் சொல்வது கைக்குப் போய்ச் சேராது. கைக்கு வேறு வேலை கொடுத்தால்தான் உண்டு.

சொடக்கில் தொடங்குவோம், அது சுலபம். விரல் மூட்டுக்குள் வழவழப்பான திரவம் இருக்கிறது. விரலை இழுத்தாலோ மடக்கி அழுத்தினாலோ எலும்பு முனைகள் சட்டென்று விலகி, உள்ளே அழுத்தம் குறைந்து, திரவத்தில் கரைந்திருந்த வாயு குமிழியாகக் கிளம்புகிறது. சத்தம் வருவது குமிழி உருவாகும்போதா, உடையும்போதா என்பதில்தான் சண்டை. 1947-இல் லண்டனில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தவர்கள் உருவாகும்போது என்றார்கள். 1971-இல் லீட்ஸ் ஆய்வாளர்கள் உடையும்போது என்றார்கள். 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் எம்.ஆர்.ஐ.-க்குள் விரலை இழுத்துப் படம் பிடித்து, உருவாகும்போதுதான் என்று மறுபடி சொன்னார்கள். 2018-இல் வந்த ஒரு கணித மாதிரியோ, குமிழி கொஞ்சம் உடைந்தாலே அந்தச் சத்தத்துக்குப் போதும் என்கிறது.

எப்படியிருந்தாலும், ஒரு தடவை சொடக்கு விட்ட மூட்டில் அடுத்த சொடக்கு வர ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். திருஷ்டி கழிக்கும் பாட்டி பேரனின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் விரல்களை மடக்குவாள். படபடவென்று பொரிந்தால் "எவ்வளவு கண்ணு பட்டிருக்கு பாரு" என்பாள். கையோடு அடுத்த பேரனுக்கும் செய்தால் விரல்கள் பேசாது. அவன் மேல் யார் கண்ணும் படவில்லை என்று நினைத்துவிட வேண்டாம், 20 நிமிடம் ஆகவில்லை, அவ்வளவுதான்.

மூட்டு தேய்ந்துவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. கலிபோர்னியாவில் டொனால்டு அங்கர் என்ற டாக்டர் 60 வருடத்துக்கு மேல் இடது கையில் மட்டும் தினம் இரண்டு முறையாவது சொடக்கு எடுத்து, வலது கையை விட்டுவைத்தார். இரண்டிலும் மூட்டுவாதம் இல்லை. 2009-இல் இதற்காக, சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் வாங்கினார். ஒரே ஆளின் இரண்டு கைகளை வைத்து உலகத்துக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் சொடக்கு எடுப்பவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்ட பெரிய ஆய்விலும் மூட்டுவாதத்தில் வித்தியாசம் தெரியவில்லை. வலியோ வீக்கமோ இல்லாதவரை இந்தப் பழக்கம் இருந்துவிட்டுப் போகட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் பல் கூசும் என்பதுதான் ஒரே பிரச்சினை.

கழுத்து மட்டும் இந்தக் கணக்கில் சேராது. சலூனில் தலைக்கு மசாஜ் செய்து முடித்ததும் தாடையைப் பிடித்து வெடுக்கென்று திருப்பி நெட்டி முறிப்பார்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்து எலும்பின் துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. வேகமாகத் திருப்பும்போது அவற்றின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான். ஆனாலும் "கழுத்து வேண்டாம்ணே, தலை மட்டும் போதும்" என்று உட்காரும்போதே சொல்லிவிடுவது நல்லது. முடிந்த பிறகு சொல்ல நேரம் இருக்காது.

கால் ஆட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கால் ஆட்டினால் வீட்டில் காசு தங்காது என்பார்கள். காசுக்கும் காலுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ராத்திரி படுத்ததும் காலுக்குள் ஏதோ ஊர்கிற மாதிரி இருந்து, ஆட்டினால் அல்லது எழுந்து நடந்தால் மட்டும் அடங்குகிறது என்றால் அது பழக்கம் இல்லை, ஒரு நோய். இரும்புச்சத்துக் குறைவு அதற்கு ஒரு முக்கியக் காரணம். டாக்டரிடம் சொல்லி ஹீமோகுளோபினோடு, உடம்பில் இரும்புச் சேமிப்பு எவ்வளவு என்று காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் குறைவாக இருப்பதுண்டு. நார்மல் என்று லேப் சீட்டில் அச்சாகியிருக்கும் அளவிலேயே இந்த நோய்க்கு இரும்பு மாத்திரை தருவதும் உண்டு.

இனி நகம். கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். அடியிலிருந்து நுனி வரை புது நகம் வர ஆறு மாதம் போல ஆகும். இரண்டே வாரத்தில் விரல் அழகாகிவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் மூன்றாவது வாரம் மறுபடி கடிக்க ஆரம்பிப்பதற்கு இது ஒரு காரணம்.

கடிப்பவரின் கையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கை நேராக வாய்க்குப் போவதில்லை. முதலில் கட்டைவிரல் மற்ற நகங்களின் ஓரத்தைத் தடவிக்கொண்டே போகும். எங்காவது பிசிறு தட்டுப்பட்டால் அங்கே நிற்கும், இரண்டு தடவை நெருடும். பிறகுதான் விரல் உதட்டுக்குப் போகும். பல் அந்தப் பிசிறை எடுக்கும்போது இன்னொரு பிசிறை உண்டாக்கிவிடும். ஆக, பிசிறு இருக்கும்வரை கடி நிற்காது. சட்டைப்பையிலோ கைப்பையிலோ ஒரு சின்ன நெயில் ஃபைலர் எப்போதும் இருக்கட்டும். நெருடியதும் இரண்டு இழுப்பு, ஒரே திசையில். முன்னும் பின்னும் அறுத்தால் நகம் இதழ் இதழாகப் பிரியும், மறுபடி பிசிறுதான். நகத்தோரத்தில் தொங்கும் தோலைப் பிய்க்காமல் கட்டரால் ஒட்ட வெட்டிவிட்டு, ராத்திரி கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

கசப்பு வைத்தியம் எல்லா வீட்டிலும் உண்டு. வேப்பெண்ணெய் தடவுவார்கள். ஒரு தடவை கை கழுவினால் போச்சு, நாற்றம் மட்டும் நிற்கும். கைக்குழந்தைகளின் விரலில் அதைத் தடவவே கூடாது. வேப்பெண்ணெய் உள்ளே போய் வாந்தி, வலிப்பு வரை போன குழந்தைகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். கடையில் கிடைக்கும் கசப்பு நகப்பூச்சில் பெரும்பாலும் இருப்பது டெனடோனியம். 1958-இல் ஸ்காட்லாந்தில் உடம்பை மரத்துப்போகச் செய்யும் மருந்து தேடியபோது கிடைத்த பொருள். யாரும் குடித்துவிடக் கூடாது என்று தொழிற்சாலை ஆல்கஹாலில் கலப்பதும் இதைத்தான். பூச்சு சோப்பு போட்டாலும் சுலபத்தில் போகாது. கையால் பிசைந்து சாப்பிடும் நமக்கு அங்கேதான் தகராறு. வலது கையில் பூசினால் மத்தியானம் சாம்பார் சாதம் கசக்கும், சாயங்காலமே பூச்சைச் சுரண்டி எறிவோம். பூசுவதானால் இடது கைக்கு மட்டும் பூசுங்கள். வலது கைக்கு வேறு வழி.

அந்த வழியை 1973-இல் அமெரிக்க உளவியலாளர்கள் அஸ்ரினும் நன்னும் எழுதினார்கள். பழக்கத்தைப் புரட்டிப்போடும் பயிற்சி என்று சொல்லலாம். இன்றைக்கும் மனநல மருத்துவர்கள் சொல்லித்தருவது அடிப்படையில் அதைத்தான். முதல் வாரம் எதையும் நிறுத்த வேண்டாம். ஒரு துண்டுச் சீட்டில் குறித்தால் போதும்: எத்தனை மணி, எந்த விரல், அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம், அதற்கு முன் கை எங்கே இருந்தது. டிவி பார்க்கும்போது, பஸ் ஜன்னலோரத்தில், போனில் எதையாவது படிக்கும்போது என்று இரண்டு மூன்று இடங்களிலேயே முக்கால்வாசி கடி நடப்பது தெரியவரும். இரண்டாவது வாரத்திலிருந்து, கட்டைவிரல் நகத்தோரத்தைத் தடவ ஆரம்பிக்கும் அந்தக் கணத்தில் கையை மூடி, விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கி, தொடைமேல் அழுத்தி ஒரு நிமிடம் வையுங்கள். இறுக்கிப் பிடித்து நோகடிக்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாத அளவுக்கு அழுத்தினால் போதும். போன் பிடித்திருக்கும்போது முஷ்டி மடக்க முடியாது. அப்போது நான்கு விரல்களின் நுனியையும் போனின் பின்பக்கத்தில் அழுத்திக்கொள்ளலாம்.

இது தோற்பது பெரும்பாலும் நேரத்தில்தான். நகம் பல்லுக்குள் போன பிறகு முஷ்டி மடக்கிப் பயனில்லை, தடவும்போதே மடக்க வேண்டும். பத்து விரலையும் ஒரே நாளில் காப்பாற்ற நினைப்பதும் தோற்கும். முதலில் இரண்டு கட்டைவிரல்கள், அது நிலைத்ததும் சுண்டுவிரல்கள் என்று போகலாம். நகம் வளர்ந்துவிட்டது என்று பயிற்சியை விட்டால் பரீட்சை, நேர்முகத் தேர்வு, ஆஸ்பத்திரி வராந்தா என்று ஏதாவது ஒன்று வரும்போது எல்லாம் பழையபடி ஆகும்.

முஷ்டி பிடிக்கவில்லை என்றால் இன்னொன்று: விரல் நுனிகளை ஒன்றோடொன்று, அல்லது உள்ளங்கையில், மெதுவாகத் தேய்த்துக்கொடுப்பது. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஸ்டெஃபன் மோரிட்ஸ் குழு இதை ஆறு வாரம் சோதித்து 2023-இல் வெளியிட்டது. நகம் கடிப்பவர்கள், தோல் பிய்ப்பவர்கள், முடி பிடுங்குபவர்கள் கலந்துகொண்டார்கள். செய்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் முன்னேற்றம் தெரிந்தது என்றார்கள், சும்மா காத்திருந்தவர்களில் ஐந்தில் ஒருவர். செலவே இல்லாத வைத்தியத்துக்கு இது மோசமில்லை.

கடித்த இடத்தில் நகச்சுத்தி வந்தால் எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் மாட்டிக்கொள்வது ஊர்வழக்கம். புண்பட்ட தோலில் எரிச்சல் கூடும், சீழை அது வெளியே எடுக்காது. சிவந்து லேசாக வலிக்கும் நிலையில் பொறுக்கும் சூட்டு வெந்நீரில் 15 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை விரலை வைத்தால் பெரும்பாலும் அடங்கும். சீழ் கட்டி விண்விண்ணென்று தெறித்தால் டாக்டர் கீறிவிட வேண்டும், ஊக்கால் குத்த வேண்டாம். கொத்துக்கொத்தாகச் சின்ன நீர்க்கொப்புளம் வந்தால் அது அக்கி வகை வைரஸாக இருக்கலாம், அதைக் கீறவே கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் எதுவானாலும் அன்றைக்கே காட்டிவிடுவது நல்லது.

கடைசியாக சிலிண்டரும் பூட்டும். பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் வகைப் பூட்டில் கம்பி சரியாக உட்காராமல் மாட்டியது போலவே நிற்கும், இழுத்தால்தான் தெரியும். சாவி திருப்பிப் பூட்டும் திண்டுக்கல் பூட்டில் சில வகைகளுக்கு அந்தச் சந்தேகமும் இல்லை, முழுச் சுற்று திரும்பினால்தான் சாவியே வெளியே வரும். நான்கு தடவை தொங்கி இழுத்தால் பூட்டுக்கு ஒன்றும் ஆகாது, தாழ்ப்பாளின் திருகாணிதான் தளரும்.

ஏன் ஒரு தடவை பார்த்தது போதவில்லை? 2003-இல் நெதர்லாந்தில் வான் டென் ஹவுட், கிண்ட் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். கம்ப்யூட்டர் திரையில் ஒரு கேஸ் அடுப்பு. அதை மூடி, சரிபார்த்து, மறுபடி மூடி, சரிபார்த்து என்று திரும்பத் திரும்பச் செய்யவிட்டார்கள். கடைசியாக எந்தப் பர்னரைப் பார்த்தோம் என்பதை ஆட்கள் சரியாகவே சொன்னார்கள். ஆனால் அந்த நினைவு மங்கலாகிவிட்டது, அதன்மேல் நம்பிக்கையும் போய்விட்டது. அதாவது சந்தேகம் வருவதால் திரும்பிப் பார்க்கிறோம், திரும்பிப் பார்ப்பதால் சந்தேகம் வளர்கிறது. ஐந்தாவது தடவை பார்ப்பது நான்காவதைவிடக் குறைவாகத்தான் மனதில் நிற்கும்.

ஆகவே ஒரே தடவை, ஆனால் அழுத்தமாக. ரயில் எஞ்சினில் லோகோ பைலட்டும் உதவியாளரும் வரும் சிக்னலின் நிறத்தை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்வார்கள். ஜப்பான் ரயில்வேயில் விரலை நீட்டிச் சுட்டிக்காட்டியும் சொல்வார்கள். அங்கே 1994-இல் செய்த ஒரு சோதனையில், எதுவும் செய்யாதபோது 100 செயலுக்கு 2.38 என்றிருந்த பிழை, சுட்டிச் சொல்லும்போது 0.38 ஆகக் குறைந்தது. அடுப்படியிலும் இதைச் செய்யலாம். பர்னர் எரியும்போதே முதலில் ரெகுலேட்டரை மூடுங்கள். குழாயில் மிச்சம் இருக்கும் கேஸ் தீர்ந்து தீ தானாக அணைவதைக் கண்ணால் பாருங்கள். பிறகு அடுப்பின் திருகியை மூடுங்கள். இந்தக் கடைசிப் படியை மறந்தால், அடுத்த முறை ரெகுலேட்டரைத் திறந்ததும் பற்றவைக்காத அடுப்பிலிருந்து கேஸ் கசியும். மூடியதும் விரலை நீட்டி, "வெள்ளிக்கிழமை, சிலிண்டர் மூடியாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கிழமை முக்கியம். இல்லாவிட்டால் நேற்று மூடியதும் இன்று மூடியதும் மனதில் ஒன்றாகக் கலந்துவிடும். போனில் படம் எடுத்து வைப்பது நல்ல யோசனை போலத் தெரியும். பஸ்ஸில் ஏறியதும் அந்தப் படத்தை ஏழு தடவை திறந்து பார்ப்பீர்கள், பழைய வியாதி புது இடத்துக்குக் குடிபோனதுதான் மிச்சம்.

ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இந்தச் சரிபார்ப்பிலேயே போகிறது, பாதி வழியில் திரும்பி வீட்டுக்கு வந்து வேலைக்குத் தாமதமாகிறது என்றால் இந்த உத்திகள் போதாது. அதற்கு மனநல மருத்துவரிடம் சிகிச்சை இருக்கிறது, மருந்தும் பயிற்சியுமாக. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. "பூட்டினேனா, நீ பாத்தியா?" என்று கேட்டால் ஒரு தடவை மட்டும் பதில் சொல்லுங்கள். இரண்டாவது தடவை கேட்டால், "அதான் அப்பவே சொன்னேனே, வாங்க போலாம்" என்று பேச்சை மாற்றி நடக்க ஆரம்பித்துவிடுங்கள். பத்து தடவை பொறுமையாக "பூட்டியாச்சு" என்று சொல்வது அன்பால்தான், ஆனால் அதுவும் பூட்டை இழுத்துப் பார்ப்பதில்தான் சேர்த்தி.