சின்ன விமானத்தின் மூக்கைத் தூக்க: வாலில் எங்கே கை வைப்பது, எதைக் கட்டுவது

மூக்குச் சக்கரத்தின் டயரை மாற்ற வேண்டும், ஸ்ட்ரட்டில் (அதிர்வைத் தாங்க எண்ணெயும் காற்றும் அடைத்த மூக்குக் கால்) எண்ணெய் கசிகிறது, அந்தக் காலின் இரண்டு பகுதிகளையும் இணைக்கும் டார்க் லிங்க்கின் புஷ் தேய்ந்துவிட்டது. இதற்கெல்லாம் முழு விமானத்தையும் ஜாக்கியில் ஏற்றத் தேவையில்லை, மூக்கு மட்டும் எழும்பினால் போதும். செஸ்னா 172, பைப்பர் செரோக்கி போன்ற மூன்று சக்கர விமானங்களில் அதற்கு எளிய வழி, வாலைக் கீழே இழுப்பது. திடமான ஒரு ஆள் வாலில் சாய்ந்தாலே மூக்கு எழும்பத் தொடங்கிவிடும். அவ்வளவு சுலபம் என்பதால்தான் எங்கே அழுத்துகிறோம் என்று பலரும் பார்ப்பதில்லை.

கை தானாகப் போகும் இடம் ஸ்டெபிலைசர், அதாவது வாலின் இருபுறமும் நீளும் சின்ன இறக்கை. இடுப்பு உயரத்தில், பிடிக்க வசதியாக இருக்கிறது. அங்கே அழுத்தவே கூடாது. பறக்கும்போது ஸ்டெபிலைசரின் மேல் விழும் பாரம் அதன் பரப்பு முழுக்கப் பரவி விழுகிறது. கையால் அழுத்தும்போது அது ஒரே புள்ளியில் இறங்குகிறது. நுனிக்குப் போகப் போக நெம்புகோல் நீளம் கூடி, முன் ஸ்பாரும் (உள்ளே ஓடும் முன்பக்க உத்தரம்) அது உடலோடு சேரும் பிராக்கெட்டும் வளைவு விசையை வாங்குகின்றன. தோல் தகடு அரை மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். பள்ளம் விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். ஸ்பாரில் விழும் விரிசல் தகட்டுக்கு உள்ளே இருப்பதால் மாதக்கணக்கில் தெரியாது. செரோக்கியில் இன்னும் மோசம், அங்கே ஸ்டெபிலைசருக்குப் பதிலாக இருக்கும் ஸ்டெபிலேட்டர் முழுவதுமே அசையும் பாகம். அழுத்தம் நேராகக் கீல்களுக்குப் போகிறது.

கையால் அழுத்தியே ஆக வேண்டுமென்றால் ஸ்டெபிலைசருக்குச் சற்று முன்னால், வால் கூம்பின் மேல் பாருங்கள். உடலைச் சுற்றி ஒரு வளையமாக நெருக்கமான ரிவெட் வரிசை ஓடும். அந்த வரிசைக்கு உள்ளே பல்க்ஹெட், அதாவது உடலைத் தாங்கும் குறுக்குச் சட்டம், இருக்கிறது. இரண்டு உள்ளங்கையையும் ரிவெட்டுகளின் மேலேயே விரித்து வைத்து அழுத்துங்கள். நான்கு விரல் தள்ளி, வெறும் தகட்டில் வைத்தால் தகரடப்பா மாதிரி 'டொப்' என்று உள்வாங்கும். சத்தம் கேட்ட பிறகு கையை எடுத்துப் பயனில்லை.

கை அழுத்தம் சக்கரம் சுழல்கிறதா என்று பார்க்கிற நேரத்துக்குத்தான். அதற்கு மேல் ஒரு நிமிடம் ஆகும் வேலையானாலும் வால் கட்டு வளையத்தில் (விமானத்தைத் தரையோடு கட்டிப்போட வாலின் அடியில் இருக்கும் வளையம்) பாரம் கட்ட வேண்டும். எவ்வளவு பாரம் என்பதற்குக் கணக்கு சுலபம். எடுத்துக்காட்டாக, காலி எடை 750 கிலோ, ஈர்ப்பு மையம் மெயின் சக்கரங்களின் (பின்னால் இருக்கும் இரண்டு) அச்சுக்கு 50 செ.மீ. முன்னால், வால் வளையம் அதே அச்சுக்கு 4.2 மீட்டர் பின்னால் என்று வைத்துக்கொள்வோம். 750 × 0.5 ÷ 4.2, ஏறத்தாழ 89 கிலோ. இது மூக்கு சமநிலைக்கு வரும் அளவு மட்டும்தான். ஒருவர் இன்ஜின் பக்கம், அச்சுக்கு 2 மீட்டர் முன்னால், 30 கிலோ பாரத்தோடு சாய்ந்தால் வாலில் இன்னும் 14 கிலோ வேண்டும். செரோக்கிக்கு பைப்பர் கையேடு வால் ஸ்டாண்டின் மேல் சுமார் 250 பவுண்டு, அதாவது 113 கிலோ வைக்கச் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. மேலே சொன்ன எடுத்துக்காட்டுக்கு 140 கிலோ வைத்தால் நிம்மதியாக வேலை செய்யலாம். உங்கள் விமானத்தின் எண்கள் எடை அறிக்கையில் இருக்கும், அவற்றைப் போட்டுப் பாருங்கள்.

பாரத்துக்குக் கான்கிரீட் வாளி நல்லது. 20 லிட்டர் வாளி நிறையக் கான்கிரீட் போட்டால் ஏறத்தாழ 48 கிலோ, மூன்று வாளி போதும். வார் மாட்டுவதற்காக உள்ளே பதிக்கும் வளைகம்பியின் இரண்டு காலையும் வெளிப்பக்கம் மடக்கிவிடுங்கள். நேர்க் கம்பியாக விட்டால் ஒருநாள் உருவிக்கொண்டு வந்துவிடும். வளையத்துக்கு நேர் கீழே வாளிகள் இருக்க வேண்டும், இரண்டையும் சேர்த்து வாலைக் கீழே இழுக்கும் ராட்செட் வார் (பல்சக்கரத்தால் இறுக்கும் பட்டை) செங்குத்தாக இறங்க வேண்டும். சாய்வாக இழுத்தால் வளையத்தின் போல்ட் பக்கவாட்டில் வளையும். கட்டுவதற்கு முன் வளையத்தைக் கையால் திருகிப் பாருங்கள். துரு ஏறியிருந்தாலோ மரை ஆடினாலோ அன்றைக்கு அந்த வேலை வேண்டாம்.

தூக்குவதற்கு முன் ஹேங்கர் கதவை மூடுங்கள், காற்று வீசும் வெளியிடத்தில் இதைச் செய்யக் கூடாது. மேக்னெட்டோ (இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் கருவி) சாவியை எடுத்துவிடுங்கள், எரிபொருளை நிறுத்தும் மிக்ஸ்சர் குமிழை முழுக்க வெளியே இழுத்து வையுங்கள். புரொப்பெல்லருக்குப் பக்கத்திலேயே கை இருக்கப்போகிறது. மெயின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டு, பார்க்கிங் பிரேக்கை விடுவியுங்கள். இது பலருக்குத் தலைகீழாகத் தோன்றும். பிரேக் பிடித்திருந்தால் மூக்கு எழும்பும்போது சக்கரமும் சேர்ந்து திரும்பி, விமானம் இரண்டு செ.மீ. பின்னால் உருண்டு கட்டையில் ஏறப் பார்க்கும். பிரேக் விட்டிருந்தால் அச்சைச் சுற்றி உடல் மட்டும் சாயும், சக்கரம் நின்ற இடத்திலேயே நிற்கும்.

வாலுக்குக் கீழே இருக்கும் ஸ்டூல், கருவிப்பெட்டி எல்லாவற்றையும் அகற்றுங்கள். மூக்குச் சக்கரம் அச்சுக்கு 1.65 மீட்டர் முன்னால் இருந்தால், மூக்கை 15 செ.மீ. தூக்க வால் 38 செ.மீ. இறங்கும். பாரம் குறைந்ததும் ஸ்ட்ரட் நீள ஆரம்பிப்பதால், மூக்கு நன்றாக எழும்பிய பிறகும் டயர் தரையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து எங்கேயோ சிக்கியிருக்கிறது என்று நினைக்காதீர்கள். ஸ்ட்ரட் முழுக்க நீண்ட பிறகு 3 செ.மீ. இடைவெளி கிடைத்தால் சக்கரத்தைக் கழற்றப் போதும்.

செஸ்னா 172-இல் ஸ்ட்ரட் முழுக்க நீண்டதும் மூக்குச் சக்கரம் நேராகப் பூட்டிக்கொள்ளும், பறக்கும்போது சக்கரம் நேராக நிற்பதற்கான ஏற்பாடு அது. திரும்பவில்லையே என்று பலம் கொடுத்துத் திருப்பினால் பூட்டும் பாகம்தான் கெடும்.

கவுலிங்குக்கு (இன்ஜினை மூடும் உறை) அடியில் முட்டுக் கொடுக்காதீர்கள். கீழ்ப்பகுதி பெரும்பாலும் கண்ணாடியிழை, பாரம் தாங்காது. இரண்டாவது பாதுகாப்பு வேண்டுமென்றால் வாலிலேயே இன்னொரு வார் போடுங்கள்.

சக்கரத்தைக் கழற்றியவுடன் முதல் வேலை, டயர் வால்வுக்குள் இருக்கும் ஊசியை (வால்வ் கோர்) எடுத்துக் காற்று முழுவதையும் விடுவது. காற்று இருக்கும்போது சக்கரத்தின் இரண்டு பாதிகளையும் சேர்க்கும் போல்ட்டைத் தளர்த்தினால் அது வெடித்துப் பிரியும், முகத்துக்கு நேராக. ஸ்ட்ரட்டைப் பிரிப்பதானாலும் அப்படியே, காற்று முழுக்கப் போகும்வரை ஸ்ட்ரட்டின் எந்தப் பூட்டு வளையத்தையும் தொடாதீர்கள். சீறலோடு சிவப்பு எண்ணெய் நுரைத்து வரும், கண்ணாடி போட்டுக்கொண்டு மேலே துணியைப் பிடியுங்கள். திரும்ப நிரப்பும்போது ஸ்ட்ரட்டை முழுக்க அமுக்கி, துளையின் அடிமட்டம் வரை எண்ணெய் விட்டு, சில தடவை நீட்டி அமுக்கிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றி, பிறகு வால்வைப் பூட்டுங்கள். காற்றோ நைட்ரஜனோ ஏற்றுவது சக்கரம் தொங்கும் நிலையில்தான். 172-இன் பல மாடல்களுக்கு 45 பிஎஸ்ஐ, உங்கள் மாடலின் எண்ணைக் கையேட்டில் பாருங்கள். தரையில் நிற்கும்போது அதே எண்ணுக்கு ஏற்றினால் ஸ்ட்ரட்டுக்குள் காற்றின் அளவு தவறாகிவிடும்.

இன்ஜினையே இறக்கும் வேலையானால் நிலைமை தலைகீழ். மூக்கில் இருந்த பாரம் போய்விடுவதால் விமானம் தானாகவே வாலில் உட்காரும். அப்போது வாலுக்குக் கீழே ஸ்டாண்ட் வேண்டும், வாலில் கட்டும் பாரம் வேண்டாம்.

இறக்கும்போதும் கவனம் வேண்டும். ராட்செட் வார் இறுக்கும்போது ஒவ்வொரு பல்லாக ஏறும், விடுவிக்கும்போது ஒரே அடியில் அவிழ்ந்துவிடும். மூக்கு 15 செ.மீ. விழுந்தால் ஸ்ட்ரட் அடிவரை அமுங்கி, அடி ஃபயர்வாலுக்கு (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவர்) போகும். ஸ்ட்ரட்டில் காற்றும் இல்லையென்றால் புரொப்பெல்லர் நுனி தரையைத் தொடவும் வாய்ப்புண்டு. ஆகவே முதலில் ஒருவர் பல்க்ஹெட்டின் மேல் அழுத்தி வாரைத் தொய்வாக்க வேண்டும். மற்றவர் ராட்செட்டை விடுவித்து, வாரைக் கையில் விட்டு விட்டுப் பிடிக்க, வால் மெல்ல மேலே வரட்டும். விமானம் மூன்று காலிலும் நின்ற பிறகு, வால் வளையத்தில் வார் தொங்கவில்லை என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு, விமானத்தை இழுக்கும் கம்பியான டோ பாரை மாட்டுங்கள்.