துருப் பருவத்தில் ரேசர்கள்: குன்னூர் நாட்குறிப்பு

அக்டோபர் 6, ஞாயிறு

குன்னூர் பெட்ஃபோர்டில் நண்பர் வீட்டு மாடியில் வழக்கமான கூட்டம். எல்லோரும் பழைய சவர ரேசர் சேர்ப்பவர்கள். நான் போவது சாணைக்கும் பழுதுக்கும். அவர்கள் வருவது புதிதாக வாங்கியதைக் காட்ட.

வெலிங்டன் சார் இன்று எடுத்து வைத்தது ஜில்லெட்டின் 'ஃபேட்பாய்' ரேசர். 1958 முதல் 1961 வரைதான் அது வந்தது. கழுத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை எண் போட்ட வளையம் இருக்கும். அதைத் திருப்பினால் சவரம் மென்மையாகவோ கடுமையாகவோ மாறும். அருமையான பொருள், சந்தேகமே இல்லை. ஆனால் சாரிடம் ஏற்கெனவே நாலு இருக்கிறது. ஐந்தாவது எதற்கு சார் என்று கேட்டேன்.

"கோத்தகிரித் தம்பிகிட்ட மூணு ஆயிடுச்சாம்" என்றார்.

இரண்டு மணி நேரப் பேச்சில் யாரும் காலையில் எதை வைத்துச் சவரம் செய்தோம் என்று சொல்லவில்லை. விலை, வருடம், அடுத்தவரிடம் இல்லாதது என்ன, இவ்வளவுதான்.

அக்டோபர் 8, செவ்வாய்

கோத்தகிரித் தம்பி போன் செய்தார். அவருடைய சித்தப்பா பிறந்த வருட ரேசர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம்.

இந்தப் 'பிறந்த வருட' வேட்டை சேர்ப்பவர்களிடம் ரொம்ப நாளாக உண்டு. ஜில்லெட் அந்தக் காலத்தில் ரேசரின் தலைக்கு அடியில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்தது. எழுத்து வருடத்தையும் எண் காலாண்டையும் காட்டும். 'ஜே 2' என்றால் 1964-இன் இரண்டாம் காலாண்டு. தான் பிறந்த காலாண்டில் செய்த ரேசரைத் தேடிப் பிடித்து அதிலேயே சவரம் செய்வது அழகான ஆசை, எனக்கும் பிடிக்கும். தம்பி பிறந்ததோ 1990-களில், அமெரிக்காவில் ஜில்லெட் அந்த வகை ரேசர்களை நிறுத்திய பிறகு. அதனால் அப்பாவுக்கு ஒன்று வாங்கினார், அப்புறம் அம்மாவுக்கு, பெரிய மாமாவுக்கு. இப்போது சித்தப்பா. சித்தப்பா பயன்படுத்துவது கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் ரேசர்.

"தம்பி, சித்தப்பாகிட்ட கொடுப்பீங்களா?" என்றேன்.

"இல்லண்ணா, செட்டு கலைஞ்சிடும்."

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. நய எண் ஆயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம் வரை உள்ள என் சாணைக்கற்களைக் கழுவிக் காயவைத்து, கத்தி தீட்டும் தோல் வாரைத் துடைத்து, பொட்டு வைத்தேன். மத்தியானத்துக்குள் எல்லோருடைய படங்களும் போனுக்கு வந்துவிட்டன. சரஸ்வதி படத்துக்கு முன்னால் வரிசை வரிசையாக ரேசர்கள். வெலிங்டன் சார் வீட்டில் இரண்டு வரிசை. அரை மணி நேரத்தில் கோத்தகிரியிலிருந்து மூன்று வரிசை.

ஆயுதம் என்று பூஜையில் வைப்பது வேலை செய்யும் பொருளை. அதில் பாதிக்கு மேல் ஒருநாளும் தண்ணீர் படாதவை.

அக்டோபர் 13, ஞாயிறு

இன்று எனக்குக் கோபம் அடங்கவில்லை.

கூட்டத்தில் ஒருவர் 'ரோல்ஸ் ரேசர்' கொண்டுவந்தார். 1920-களில் இங்கிலாந்தில் வந்த சரக்கு. தட்டையான உலோகப் பெட்டி, ஒரு மூடியில் சாணைக்கல், மறு மூடியில் தோல். நடுவில் இருக்கும் கைப்பிடியை முன்னும் பின்னும் தள்ளினால் கத்தி தானே புரண்டு புரண்டு தீட்டிக்கொள்ளும். 'கிளக் கிளக்' என்று ஒரு சத்தம் வரும், அதைக் கேட்கவே ஆசையாக இருக்கும். வாங்கியவன் பிளேடே வாங்க வேண்டாம் என்பதுதான் அதன் பெருமை.

அதை அப்பர் குன்னூரில் தனியாக இருக்கும் ஒரு பாட்டியிடம் இருநூறு ரூபாய்க்கு எடுத்தாராம். கணவர் வைத்திருந்ததாம். "வெறும் தகரம் பாட்டி, காயலான் கடையில கூட எடுக்க மாட்டாங்கன்னு சொன்னேன்" என்று சிரித்தார். எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். அதன் விலை அதற்கு எத்தனை மடங்கு என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

அதிக விலை கொடுத்தால் ஒரு பெருமை, ஒருவரை ஏமாற்றி வாங்கினால் அதைவிடப் பெரிய பெருமை. பாட்டிக்கு மீதிப் பணத்தைக் கொடுக்கும்வரை அந்தக் கத்தியில் கை வைக்க மாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு, கற்களை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். டீ கூடக் குடிக்கவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

மழை. வெள்ளை மூட்டத்தில் எதிர் வீடு தெரியவில்லை. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இதுதான் பெரிய மழைக்காலம், டிசம்பர் வரை இப்படித்தான் இருக்கும். என் கத்திகளை எல்லாம் எடுத்துத் துடைத்து மினரல் ஆயில் பூசினேன். மதியம் முழுக்க ஆயிற்று. இந்த ஈரத்தில் மாதம் ஒரு தடவையாவது இதைச் செய்ய வேண்டும். கார்பன் ஸ்டீல் காத்திருக்காது.

அக்டோபர் 22, செவ்வாய்

கோத்தகிரித் தம்பி மடக்குச் சவரக் கத்திகள் இருக்கும் தன் மரப்பெட்டியைக் கொண்டுவந்தார். ஆடி மாதத்திலிருந்து திறக்கவே இல்லையாம். மூடியைத் தூக்கியதும் கற்பூர வாசனை, கூடவே மூக்கைக் குத்தும் ஒரு புளித்த நெடி. பார்க்கும் முன்பே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

ஆமை ஓடு போலத் தெரியும் பழைய கைப்பிடிகள் பல செல்லுலாய்டில் செய்தவை. செல்லுலாய்டு என்பது நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்தது. நம் அருவங்காடு தொழிற்சாலைக்குப் பெயர் தந்த கார்டைட் வெடிமருந்திலும் அதே நைட்ரோசெல்லுலோஸ்தான் இருக்கிறது. வயதாகும்போது அது சிதையும், சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடு வாயு விடும். காற்றில் ஈரம் இருந்தால் அது நைட்ரிக் அமிலம். முதலில் தன் கத்தியையே தின்னும், அப்புறம் பக்கத்தில் படுத்திருப்பதை. மூடிய பெட்டி, குன்னூர் ஈரம், இதைவிட அதற்கு என்ன வேண்டும்?

பக்கத்தில் இருந்த இங்கிலாந்து ஷெஃபீல்டு ஊர்க் கத்திகள், வேட் அண்ட் புட்சர் கம்பெனியுடையது உட்பட, விளிம்பு வரை குழிவிழுந்து கிடந்தன. 1890-க்கு முந்தையதாக இருக்கும் என்று நான் போன வருடம் ஆசையாகத் தீட்டிக் கொடுத்த கத்தியும் அதில் ஒன்று. மேலே படிந்த துருவை எடுக்கலாம். வெட்டு விளிம்பில் குழி விழுந்தால் அந்த ஆழம் வரை இரும்பைத் தேய்த்துத் தள்ள வேண்டும். அப்புறம் அகலமான அந்தக் கத்தியின் உருவமே போய்விடும். மோட்டார் சக்கரத்தில் வைத்து எடுத்துவிடலாமா என்றார். சூடேறி இரும்பு நீலம் பாய்ந்தால் பதம் போய்விடும், அது பிறகு முகத்துக்கு ஆகாது.

"நூறு வருஷத்துக்கு மேல யார் யாரோ காப்பாத்திக் கொடுத்தது தம்பி இது. உங்க பெட்டியில நாலு மாசத்துல போயிடுச்சு" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. வாடட்டும் என்றுதான் சொன்னேன். எத்தனையைத் துடைத்து எண்ணெய் பூச நேரம் இருக்கிறதோ அத்தனையை மட்டும் வீட்டில் வைக்கலாம். இந்த மலையில் வேறு கணக்கு செல்லாது.

அக்டோபர் 24, வியாழன்

தந்தப் பிடி போட்ட ஒன்று கைக்கு வரப்போகிறது என்று ஒருவர் ரகசியமாகச் சொன்னார். தந்த வியாபாரம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம், என்னிடம் காட்டவே வேண்டாம் என்றேன். யானை நடக்கும் மலையில் இருந்துகொண்டு இதில் என்ன பெருமை?

அக்டோபர் 29, செவ்வாய்

தம்பியின் மனைவி போன் செய்தாள். தீபாவளி போனஸில் பாதி பார்சலுக்கும் கஸ்டம்ஸுக்கும் போய்விட்டதாம். "அண்ணா, நீங்க சொன்னா கேப்பாரு. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து ஏலம் பாக்கறாரு." அழவில்லை, ஆனால் குரல் களைத்திருந்தது.

ஜில்லெட் கம்பெனியை ஆரம்பித்த கிங் ஜில்லெட் 1903-இல் விற்றது 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த வருடமே ரேசர் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது. ரேசர் ஒன்று போதும், பிளேடை மட்டும் வாங்கிக்கொண்டே இரு என்பதுதான் அவருடைய வியாபாரமே. தம்பி வீட்டில் டோபாஸ் பிளேடு பாக்கெட் ஒன்று பிரிக்காமல் கிடக்கிறது, ரேசர் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. வாங்கும் வரைதான் அவருக்குத் தூக்கம் போகிறது. வந்து சேர்ந்ததும் ஒரு படம், நாலு பேர் பாராட்டு, அதோடு பெட்டிக்குள். தம்பியிடம் ஞாயிற்றுக்கிழமை பேசுவதாக அவளிடம் சொன்னேன்.

நவம்பர் 3, ஞாயிறு

தம்பி தேயிலைத் தோட்ட வேலை முடிந்து நேராக இங்கே வந்தார், கூட்டத்துக்குப் போகவில்லை. பேசினோம். ஆறு மட்டும் வைத்துக்கொள்வது, மற்றதை வாங்கிய விலைக்கே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். குழிவிழுந்த கத்தி ஒன்றை ஆயிரம் கல்லில் வைத்துத் தேய்க்கக் கற்றுக்கொடுத்தேன். கத்தியின் முதுகு கல்லைவிட்டு எழக் கூடாது, அதுதான் கோணத்தைப் பிடித்துத் தருகிறது. கை நடுங்கினாலும் விடாமல் செய்தார். இருட்டும்வரை அதே ஒரு கத்தி.

விற்பனைப் பட்டியலை அவர் போட்ட ஒரு மணி நேரத்தில் பாதியை வெலிங்டன் சார் எடுத்துவிட்டார். மூன்று ஃபேட்பாயும் சேர்த்து. அவருக்குப் போன் செய்து, செல்லுலாய்டு பிடிகளை மற்றவற்றோடு சேர்த்து வைக்க வேண்டாம், பெட்டியை வாரம் ஒருமுறை திறந்து வையுங்கள் என்று சொன்னேன். சரி சரி என்றார். அடுத்த கூட்டத்துக்கு எல்லாவற்றையும் கொண்டுவருகிறாராம்.