தெர்மாமீட்டர் உடைந்தது

போன வாரம் தெர்மாமீட்டரை உதறும்போது மேசை விளிம்பில் பட்டு உடைந்துவிட்டது. கண்ணாடியை விடுங்கள், தரையெல்லாம் பாதரச உருண்டைகள். ஒன்றைத் தொட்டால் நாலாகச் சிதறுகிறது, அந்த நாலையும் பக்கத்தில் தள்ளினால் பட்டென்று ஒன்றாகிவிடுகிறது. சின்ன வயதில் இதை உள்ளங்கையில் விட்டு உருட்டி விளையாடியவன் நான், அதனால் பயமே வரவில்லை, நேராக விளக்குமாற்றை எடுக்கப் போனேன்.

எடுக்காதது நல்லதாயிற்று. பெருக்கினால் உருண்டைகள் இன்னும் பொடியாகி இண்டு இடுக்கெல்லாம் போய்விடும், வாக்குவம் கிளீனர் அதைவிட மோசம், ஆவியாக்கி அறை முழுக்க ஊதிவிடும். ஜன்னலைத் திறந்துவிட்டு, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, டார்ச்சைத் தரையோடு சாய்த்து அடித்துத் தேடினேன். பெரிய உருண்டைகளை அட்டையால் ஒதுக்கி, பொடியை டேப்பில் ஒட்டி எடுத்து, எல்லாவற்றையும் ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு இறுக மூடினேன்.

விஷயத்தைச் சொன்னால் எல்லோரும் கேட்பது, "யாராவது வாயில் போட்டுக்கொண்டார்களா?" என்றுதான். விழுங்கிய பாதரசம் பெரும்பாலும் உடம்பில் சேராமல் அப்படியே வெளியே போய்விடும். மூச்சில் இழுத்த ஆவிதான் ஆபத்து, அதில் 80 சதவீதம் வரை ரத்தத்தில் கலக்கும், அங்கிருந்து மூளைவரையும் போகும். வாசனையும் இல்லை, நிறமும் இல்லை.

தெர்மாமீட்டருக்கு இவ்வளவு பதறுகிறோம், முகத்தில் தினமும் தடவுவதை யார் பார்க்கிறார்கள்? தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைப் பாதரச உப்புகள் தடுக்கும், அதனால்தான் சில சிவப்பழகு கிரீம்கள் அவ்வளவு வேகமாக 'வேலை' செய்கின்றன. தோல் வழியாக உள்ளே போவது சிறுநீரகத்தில் போய்ச் சேரும். சிறுநீரில் புரதம் ஒழுகும், கால் வீங்கும், முகம் வெளுத்த சந்தோஷத்தில் இருப்பவருக்கு இதற்கும் கிரீமுக்கும் முடிச்சுப் போடத் தோன்றாது. ஒரே துண்டில் முகம் துடைக்கிற குழந்தைக்கும் பங்கு உண்டு. லேபிளில் கலோமெல், மெர்குரிக் அயோடைடு என்று பாதரச உப்புகளின் பெயர் இருந்தாலோ, தங்க வெள்ளி நகைகளில் படக்கூடாது என்றிருந்தாலோ தூர வைத்துவிடுங்கள். லேபிளே இல்லாத டப்பா என்றால் கேட்கவே வேண்டாம். பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் சேர்ந்து போட்ட மினமாட்டா ஒப்பந்தத்தில் முதலில் 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்று வரம்பு வைத்திருந்தார்கள், 2025க்குப் பிறகு அழகுப் பொருளில் பாதரசம் சேர்க்கவே கூடாது என்று இறுக்கிவிட்டார்கள். பிடிபட்ட சில கிரீம்களிலோ ஆயிரக்கணக்கில் இருந்தது.

கலோமெல் ஒரு காலத்தில் மருந்து. பல் முளைக்கும் குழந்தைகளுக்குக் கொடுத்த பொடியில் அது இருந்தது. கை கால் சிவந்து உரிந்து, ஓயாமல் அழுத அந்தக் குழந்தைகளின் நோய்க்குக் காரணம் தெரியாமல் பல வருடம் குழம்பினார்கள். 1950களில் பொடியை நிறுத்தியதும் நோயும் ஏறக்குறைய மறைந்தது.

சரி, அந்த பாட்டிலை என்ன செய்வது? குப்பையில் போட்டு அது எரிந்தால் காற்றில் கலக்கும், சாக்கடையில் ஊற்றினால் சேற்றுக்குப் போகும். காற்றில்லாத சேற்றில் பாக்டீரியாக்கள் அதை, சாப்பாட்டோடு போனாலும் உடம்பில் சேர்ந்துவிடுகிற மெத்தில் பாதரசமாக்கும், சின்ன மீனில் கொஞ்சம், அதைத் தின்கிற பெரிய மீனில் பல மடங்கு. ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவோடு கடலுக்குப் போனது இந்த மெத்தில் பாதரசம்தான். பூனைகள் இழுப்பு வந்து செத்தன, 1956இல் மனிதர்களுக்கும் அதே நோய் என்று பதிவானது.

அபாயக் கழிவு வாங்கும் ஆளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், இன்னும் வரவில்லை. பாட்டில் பால்கனி மூலையில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.