லூயியின் சந்தேகம்: ஒரு வாசிப்பு நாட்குறிப்பு

ஜூன் 2

அலெக்சாந்தர் டூமாவின் 'மூன்று மஸ்கடியர்கள்' நாவலை மறுபடி கையில் எடுத்திருக்கிறேன். பள்ளி நாட்களில் படித்தது சிறுவர்களுக்கான சுருக்கப் பதிப்பு. வாள்சண்டை இருந்தது, குதிரைப் பாய்ச்சல் இருந்தது, அரசன் மட்டும் ஓரிரு பக்கங்களில் வந்து போனான். இந்த முறை முழு நாவல். பிரான்ஸ் அரசன் பதின்மூன்றாம் லூயி வரும் இடங்களையெல்லாம் பென்சிலால் குறித்துக்கொண்டே போகப் போகிறேன்.

1844 மார்ச்சில் தொடங்கி ஜூலை வரை பாரிஸின் 'லெ சியேக்ள்' நாளிதழில் தொடராக வந்த கதை. ஒகுஸ்த் மக்கே கூட இருந்து எழுத உதவினார். கதை 1625 ஏப்ரலில் மேன் என்ற சிற்றூரில் தொடங்குகிறது. அப்போது லூயிக்கு 23 வயது. ராணி ஆன் அவனைவிட ஐந்தே நாள் மூத்தவள். இருவருக்கும் 14 வயதில் கல்யாணம் முடித்துவைத்தார்கள். பத்து வருடமாகப் போகிறது, பிள்ளை இல்லை. இந்த வயதுக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் அரண்மனைக் காட்சிகள் வேறு மாதிரித் தெரிகின்றன. நாம் கிழவனாகக் கற்பனை செய்துகொள்ளும் அந்த முசுட்டு அரசன் உண்மையில் ஓர் இளைஞன்.

ஜூன் 4

அரசனின் முதல் பொறாமை மனைவி விஷயத்தில் வருவதில்லை. அது படைவீரர்கள் விஷயத்தில்.

அரசனுக்கு மஸ்கடியர்கள் என்ற காவற்படை வீரர்கள் இருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு அரசனின் முதன்மை அமைச்சரான கார்டினல் ரிஷலியூ தனக்கென்று ஒரு காவற்படை வைத்துக்கொள்கிறார். சாயங்காலம் சதுரங்கம் ஆடும்போது இருவரும் அவரவர் ஆட்களின் வீரத்தைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்வார்கள். தெருவில் வாள் எடுப்பது சட்டப்படி குற்றம். ஆகவே சபையில் அரசன் மஸ்கடியர் தலைவர் ட்ரெவீலைக் கூப்பிட்டுக் கடிந்துகொள்வான். ஆனால் தன் ஆட்கள் கார்டினலின் ஆட்களை அடித்துப்போட்டார்கள் என்று கேட்டால் உள்ளுக்குள் குளிர்ந்துபோவான். கதாநாயகன் தார்த்தன்யானைக் கூப்பிட்டு நாற்பது பிஸ்தோல் காசு கொடுப்பதும் அந்தக் குளிர்ச்சியில்தான்.

நாட்டை ஆள்வது அமைச்சர். அது அரசனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அமைச்சரை விலக்கவும் முடியாது, அவரில்லாமல் காரியமும் நடக்காது. அந்தப் புழுக்கத்தைத் தீர்த்துக்கொள்ள அவனுக்குக் கிடைத்த ஒரே இடம் தெருச்சண்டை. நாயகர்களுக்கு அரண்மனைக் கதவு திறப்பதே இந்தப் பொறாமையால்தான் என்பதை முன்பு நான் கவனித்ததில்லை.

ஜூன் 7

இன்று படித்த அத்தியாயத்தை இரண்டு முறை படித்தேன். டூமா எவ்வளவு பெரிய கைகாரர் என்பதற்கு இது ஒன்றே போதும்.

கார்டினல் அரசனிடம் ஒரு செய்தி சொல்ல வேண்டும்: இங்கிலாந்தின் பக்கிங்ஹாம் பிரபு ஐந்து நாள் பாரிஸில் இருந்துவிட்டு இன்று காலைதான் கிளம்பினார். அதை அவர் எப்படிச் சொல்கிறார் பாருங்கள். பிரபு வந்தது அரசியல் சதிக்காக, ஹ்யூகனாட்டுகள் எனப்படும் பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகளோடும் ஸ்பானியர்களோடும் சேர்ந்து ஏதோ திட்டம் போடத்தான் என்று தொடங்குகிறார். அரசன் இடைமறிக்கிறான்: அதெல்லாம் இல்லை, என் மானத்துக்கு எதிரான சதி இது! சந்தேகத்தை வாய்விட்டுச் சொன்னவன் அரசன். கார்டினல் சொல்லவில்லை. அவர் உடனே ராணிக்குப் பரிந்து பேசுகிறார். ராணி விவேகமுள்ளவள், தங்கள் மேல் அன்புள்ளவள் என்கிறார். அன்பைப் பற்றி எனக்கு என் சொந்த அபிப்பிராயம் இருக்கிறது என்கிறான் அரசன்.

ஒவ்வொரு முறையும் இதே வரிசைதான். கார்டினல் ஒரு துளி செய்தியைச் சொல்வார், அடுத்த மூச்சில் அதற்குச் சமாதானமும் சொல்வார். சமாதானத்தைக் கேட்கக் கேட்க அரசனின் சந்தேகம் ஏறும். ராணி இன்று காலை ரொம்ப அழுதாளாம், பிறகு ஏதோ எழுதிக்கொண்டே இருந்தாளாம் என்று கடைசியில் ஒரு வரி. அது போதும். அந்தக் காகிதம் எனக்கு வேண்டும் என்று அரசன் எழுந்துவிடுகிறான்.

பொறாமைக்காரனிடம் யாரும் புதிதாக எதையும் நம்பவைக்க வேண்டியதில்லை, அவன் ஏற்கெனவே நம்புவதை மறுத்துப் பேசினாலே போதும் என்பது ரிஷலியூவுக்குத் தெரிந்திருக்கிறது. கோள்மூட்டும் பாத்திரங்களை நம் கதைகளிலும் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் பழியைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். இங்கே பழியே இல்லை, வக்காலத்து மட்டும்தான் இருக்கிறது. அதனாலேயே பயமாக இருக்கிறது.

ஜூன் 8

நேற்றைய தொடர்ச்சி. அரச முத்திரையைக் காக்கும் அதிகாரி செகியே ராணியின் அறைக்குப் போய் மேசை, இழுப்பறை எல்லாம் தேடுகிறார். ஒன்றும் இல்லை. கடிதம் ராணியின் மார்பில் இருக்கிறது. அங்கேயும் தேட அரசனின் உத்தரவு இருக்கிறது. அவர் நெருங்கும்போது ராணியே அதை எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். பிரான்சின் ராணியை, ஸ்பெயின் மன்னரின் சகோதரியை, ஓர் அதிகாரி இப்படிச் சோதிக்கலாம் என்று புருஷன் எழுதிக் கொடுத்திருக்கிறான். இந்தப் பக்கத்தில் எனக்கு லூயி மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் நாவலின் மிக நுட்பமான இடம் இதற்கு அடுத்த பக்கம். அரசன் வெளிறிப்போய், கை நடுங்கக் கடிதத்தைப் பிரிக்கிறான். அது பக்கிங்ஹாமுக்கு எழுதியது இல்லை. ராணி தன் சகோதரனுக்கு எழுதியிருக்கிறாள்: நீங்களும் ஆஸ்திரியப் பேரரசரும் பிரான்ஸ் மேல் போர் தொடுப்பதாக அறிவியுங்கள், சமாதானத்துக்கு விலையாக ரிஷலியூவை விலக்கச் சொல்லுங்கள். தேசத்துரோகம்தான், வேறு பேர் கிடையாது. காதலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அரசனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை!

தன் நாட்டின் மேல் படையெடுக்கச் சொல்லி மனைவி எழுதியிருக்கிறாள், அவன் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறான். அவன் எப்பேர்ப்பட்ட அரசன், எப்பேர்ப்பட்ட புருஷன் என்று டூமா தனியாக விளக்கவே இல்லை. கடிதத்தைப் படிக்கும் முகத்தைக் காட்டினார், முடிந்தது. நாவலில் லூயி வரும் பக்கங்களில் இதுதான் உச்சம் என்பேன். நடன இரவைக்கூட இதற்கு அடுத்த இடத்தில்தான் வைப்பேன்.

வரலாற்றில் இதற்கு ஒரு வேர் உண்டு. ராணி ஸ்பெயினோடு ரகசியமாகக் கடிதம் எழுதிவந்தது 1637-ல் பிடிபட்டது. வால்-த-கிராஸ் மடத்தில் இதே செகியே தேடுதல் நடத்தினார். ராணியின் நம்பிக்கைக்குரிய பணியாள் லா போர்த்தைச் சிறையில் போட்டார்கள். டூமா அதைப் பன்னிரண்டு வருடம் முன்னுக்கு இழுத்துக்கொண்டார். 1625-ல் செகியே அந்தப் பதவியிலேயே இல்லை, அவர் முத்திரை அதிகாரியானது 1633-ல். எனக்கு இது உறுத்தவில்லை. சந்தேகம் சூடாக இருக்கும்போது சோதனை நடக்க வேண்டும், பன்னிரண்டு வருடம் காத்திருந்தால் கதை ஆறிப்போகும்.

ஜூன் 9

ராணியையும் பக்கிங்ஹாமையும் பற்றி வரலாற்றில் உள்ள ஆமியான் விஷயத்தை மட்டும் சிறிது எழுதிவைக்கிறேன். 1625-ல் அரசனின் தங்கை ஹென்றியேட்டா மரியாவை இங்கிலாந்தின் சார்லஸ் மன்னருக்குக் கல்யாணம் செய்துகொடுத்தார்கள். அவளை அழைத்துப்போக வந்தவர்தான் பக்கிங்ஹாம். வழியில் ஆமியான் நகரில், அந்தி நேரத்தில், ஒரு தோட்டத்தில் ராணியும் பிரபுவும் சற்று நேரம் தனியாக இருக்க நேர்ந்தது. ராணி கூவினாள், பரிவாரம் ஓடி வந்தது. லூயி அந்த ஊரில் இல்லை. செய்தி காதுக்கு வந்ததும் ராணியின் பணியாளர்கள் சிலரை வெளியேற்றினான். பக்கிங்ஹாம் மறுபடி பிரான்சுக்கு வரவும் இடம் கொடுக்கவில்லை.

நேரில் பாராத ஒரு நிமிடத்தை வாழ்நாள் முழுக்க மனதுக்குள் பார்த்துக்கொண்டே இருந்தவன் என்று அவனை நினைக்கத் தோன்றுகிறது. நாவலின் லூயிக்கு உயிர் இங்கிருந்துதான் வருகிறது.

ஜூன் 12

வைரங்கள் வந்துவிட்டன. பிறந்தநாளுக்கு அரசன் கொடுத்த பன்னிரண்டு வைரத் தொங்கல்களை ராணி பக்கிங்ஹாமுக்கு நினைவாகக் கொடுத்துவிட்டாள். கார்டினலின் உளவாளியான மிலேடி என்பவள் இங்கிலாந்தில் ஒரு விருந்தில் அவற்றில் இரண்டை வெட்டி எடுத்துக்கொள்கிறாள். கார்டினல் இப்போது அரசனுக்கு நல்ல யோசனை சொல்கிறார்: ராணியோடு சமாதானமாகப் போங்கள், ஒரு நடன விழா வையுங்கள், அந்த வைரங்களை அணிந்து வரச் சொல்லுங்கள்.

விழா என்றைக்கு என்று ராணி கேட்கிறாள். அரசனுக்குத் தெரியாது. அவன் போய்க் கார்டினலைக் கேட்கிறான், கார்டினல் ஏதோ சாக்கு சொல்கிறார். லண்டனிலிருந்து மிலேடியின் கடிதம் வந்த பிறகுதான் தேதி சொல்கிறார்: இன்று செப்டம்பர் 20, நகரசபை விருந்து அக்டோபர் 3. அந்த இடைவெளிக்குள்தான் தார்த்தன்யான் கடல் கடந்து போய்த் திரும்ப வேண்டும். நாமெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்கும் அந்த ஓட்டமெல்லாம், காலே துறைமுகம், வழியில் ஒவ்வொருவராக விழும் நண்பர்கள் எல்லாம், ஒரு புருஷனின் சந்தேகத்துக்குக் குறித்த கெடுவுக்குள் நடக்கின்றன. தினமும் பத்திரிகையில் வரும் தொடருக்கு இதைவிட வசதியான கெடு எங்கே கிடைக்கும்?

ராணி கேட்கிறாள்: விழா உங்கள் யோசனையா, கார்டினலுடையதா? வைரம் அணியச் சொன்னதும் அவர்தானா? யார் சொன்னால் என்ன, அணிந்து வரச் சொல்வது குற்றமா என்று அரசன் சமாளிக்கிறான். அவள் முகம் வெளிறுவதை அவன் கவனிக்கிறான், கவனித்து ரசிக்கிறான். அந்தக் குரூரம் அவன் சுபாவத்தின் மோசமான பக்கங்களில் ஒன்று என்று டூமா வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். ஆனால் தான் ஏன் இதைக் கேட்கிறோம் என்பதே அவனுக்குத் தெரியாது. கார்டினல் மனதில் என்ன இருக்கிறது என்று அவனும் குழம்புகிறான். பொறாமை அவனுடையது, அதை ஓட்டுகிறவர் வேறொருவர். இதைப் படிக்கும்போது அவன்மேல் எனக்கு இரக்கமே வந்துவிட்டது.

ஜூன் 14

நடன இரவு. ராணி வைரமில்லாமல் வருகிறாள். அரசன் சினத்தோடு போய் ஏன் அணியவில்லை என்று கேட்கிறான். கூட்டத்தில் தொலைந்துவிடும் என்று பயந்தேன் என்கிறாள். லூவ்ர் அரண்மனைக்கு ஆள் அனுப்புங்கள் என்கிறான். இதற்கிடையில் கார்டினல் ஒரு சிறு பேழையைக் கொடுக்கிறார், உள்ளே இரண்டு தொங்கல்கள். ராணியிடம் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள், பத்துதான் இருந்தால் இந்த இரண்டையும் யார் திருடியது என்று கேளுங்கள் என்கிறார்.

ராணி வைரங்களோடு திரும்பி வருகிறாள். உடனே நடனம் தொடங்கிவிடுகிறது. அரசன் ஆட வேண்டும், ஆடிக்கொண்டே எண்ண வேண்டும். ராணியைக் கடக்கும்போதெல்லாம் அவள் தோளைக் கண்ணால் விழுங்குகிறான், எண்ணிக்கை பிடிபடவில்லை. நடனமோ ஒரு மணி நேரம், பதினாறு பகுதிகள். ஒரு சாகச நாவலின் உச்சக்காட்சியில் கத்தி இல்லை, ரத்தம் இல்லை. மனைவியின் நகையை எண்ண முடியாமல் தாளத்துக்குக் காலெடுத்து வைக்கும் ஒரு புருஷன் மட்டும்தான். எனக்கு வியர்த்துவிட்டது.

முடிவில் பன்னிரண்டும் இருக்கின்றன. லண்டனில் பக்கிங்ஹாம் துறைமுகங்களை மூடிவிட்டு, பொற்கொல்லனை வைத்து இரண்டைப் புதிதாகச் செய்யவைத்திருந்தார். அப்படியானால் பேழையில் இருக்கும் இந்த இரண்டும் அதிகப் பரிசா, எனக்கு இப்போது பதினான்கு ஆயிற்றே என்று ராணி கேட்க, நான் நேரில் கொடுக்கத் துணியாமல் இப்படிக் கொடுத்தேன் என்று கார்டினல் வளைந்து கொடுக்கிறார். அரசன் என்ன நடந்தது என்று கடைசி வரை புரிந்துகொள்வதில்லை.

வைரக் கதையை டூமா கற்பனையில் பிடிக்கவில்லை. அந்தக் காலத்துப் பிரெஞ்சு எழுத்தாளர் லா ரோஷ்ஃபூக்கோவின் நினைவுக் குறிப்புகளில் அது இருக்கிறது, அங்கே வைரத்தை வெட்டுகிறவள் கார்லைல் சீமாட்டி. நாவலில் ஆடும் மெர்லேசோன் நடனமும் நிஜமானது. அதை இசையமைத்து உருவாக்கியதே பதின்மூன்றாம் லூயிதான். ஆனால் அது அரங்கேறியது 1635-ல், ஷாந்தியியில். நிஜ லூயி இசையறிந்தவன், நடனம் தெரிந்தவன், வேட்டைப் பிரியன். அந்த மனிதனின் சொந்தப் படைப்பையே எடுத்து, அவன் சந்தேகம் அவனை வதைக்கும் மேடையாக்கிவிட்டார் டூமா. இது நியாயமா என்று மதியம் முழுக்க யோசித்தேன். லூயிக்கு அநியாயம்தான் என்று முடிவு செய்தேன். நாவலாசிரியராக டூமாவைக் குறைசொல்லவும் மனம் வரவில்லை.

ஜூன் 19

அரசன் குறைந்துபோய்விட்டான். ஹ்யூகனாட்டுகளின் துறைமுக நகரமான லா ரோஷெலின் முற்றுகை வந்துவிட்டது. மிலேடி கதையை எடுத்துக்கொண்டாள். பென்சில் குறிகள் பக்கம் பக்கமாக இல்லாமல் போகின்றன.

ஒன்று மட்டும் கவனித்தேன். போருக்கான காரணங்களைச் சொல்லும் இடத்தில், ரிஷலியூவுக்கும் ராணி மேல் ஒரு காலத்தில் ஆசை இருந்தது, பக்கிங்ஹாமை அவர் போட்டியாளனாகவும் பார்த்தார் என்கிறார் டூமா. இரண்டு ராஜ்யங்கள் ஒரு பெண்ணின் பார்வைக்காக மோதுகின்றன என்ற அளவுக்குப் போகிறார். அரசனிடம் இருந்த பொறாமை இப்போது கார்டினலிடம் இடம்பெயர்ந்துவிட்டது. கதைக்கு எது எரிபொருளோ அது யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் பக்கங்கள் கிடைக்கின்றன. சந்தேகம் அடங்கிய லூயி முற்றுகையில் அலுப்படைந்து பாரிஸுக்குக் கிளம்புகிறான், அவனுக்குச் செய்ய வேறொன்றும் இல்லை.

ஜூன் 22

பக்கிங்ஹாம் போர்ட்ஸ்மத்தில் கொலையுண்டார். 1628 ஆகஸ்ட் 23, ஜான் ஃபெல்ட்டன் என்ற படை அதிகாரியின் கத்தி. வரலாற்றில் ஃபெல்ட்டனுக்கு சம்பள பாக்கியும் பதவி கிடைக்காத ஆற்றாமையும் இருந்தன. நாவலில் அவன் மனதைக் கலைப்பவள் மிலேடி.

செய்தி பாரிஸுக்கு வருகிறது. இருக்காது, இப்போதுதான் எனக்கு எழுதினார் என்கிறாள் ராணி. மறுநாள் நம்பித்தான் ஆகவேண்டியிருக்கிறது. லூயி? சந்தோஷப்படுகிறான். அதை மறைக்கவும் இல்லை, ராணியின் கண்முன்னே வேண்டுமென்றே காட்டுகிறான். பலவீனமான மனதுக்காரர்களைப் போல அவனுக்கும் பெருந்தன்மை கிடையாது என்று டூமா ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

நாவல் முழுவதிலும் லூயி தானாக, யாரும் தூண்டாமல் செய்யும் காரியம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். கார்டினல் பக்கத்தில் இல்லை. எதிரி இறந்துவிட்டான், இனி சந்தேகத்துக்கு இடமே இல்லை. அப்போதாவது அவளை விட்டுவைத்திருக்கலாம். அந்தப் பக்கத்தில் பென்சிலால் அழுத்தமாக ஒரு கோடு போட்டிருக்கிறேன். நாளை மீதமுள்ள கடைசிப் பக்கங்கள், அவற்றில் அரசனுக்கு அதிக வேலை இல்லை.